‘நான் என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!’ – உளவியல் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியரே,

இன்னும் ஓரிரு மாதத்தில் எப்படியும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவீர்கள். பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வரிசைப் பெரியப்பா கேட்பார்: “காலேஜ்ல என்னம்மா எடுத்திருக்கே?” “சைக்காலஜி, பெரியப்பா.” அவர் கை இலையிலேயே நின்றுவிடும். “அப்படியா! நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!” பந்தியே சிரிக்கும். பக்கத்து இலை அத்தை தன் பங்குக்கு, “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பாச்சே அது” என்பார். நீங்கள் அசடு வழியச் சிரித்துவிட்டு ரசத்துக்குக் குழி பறிப்பீர்கள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் உளவியல் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே பதில் கிடைக்கத் தாமதமாயிற்று. உங்களுக்கு மூன்று வருஷத்தில் கிடைத்தால் நல்லது.

முதலில், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்? சேர்க்கை நாளில் கேட்டால், “மனசைப் பற்றிப் படிக்கப் பிடிக்கும் மேம்” என்பீர்கள். சிலருக்கு நீட் மதிப்பெண் போதவில்லை. சிலருக்குத் தோழி சேர்ந்ததே காரணம். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஏழெட்டுப் பேர் வெளியே சொல்லாத ஒரு கேள்வியோடு வருவார்கள். அப்பா ஏன் குடியை விடமாட்டேன் என்கிறார்? அக்கா ஏன் திடீரென்று யாரோடும் பேசாமல் போனாள்? நன்றாகப் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பத்தாம் வகுப்பில் என்ன ஆயிற்று? பாடத்திட்டம் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காது. வுண்ட் 1879-ல் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் தொடங்கியதையும், 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்ததையும் ஐந்து மார்க்குக்குக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். ‘இதற்கா வந்தோம்?’ என்ற அலுப்பு முதல் செமஸ்டர் முடிவதற்குள் வந்துவிடும். வரட்டும். கேள்வியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

இந்தப் படிப்பின் சாரம் புத்தகத்தைவிட ரெக்கார்டு நோட்டில் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி. பிராக்டிகல் ஒவ்வொன்றின் கடைசியிலும் இரண்டு தலைப்பில் எழுதச் சொல்வார்கள். ஒன்று நடத்தைக் குறிப்பு: எதிரே உட்கார்ந்தவர் என்ன செய்தார், நீங்கள் கண்ணால் கண்டது. மற்றது அகநோக்குக் குறிப்பு: தனக்கு உள்ளே என்ன நடந்தது என்று அவர் வாயால் சொன்னது. பெரும்பாலோர் இரண்டையும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். சீனியர் நோட்டைப் பார்த்து, ‘சப்ஜெக்ட் நன்றாக ஒத்துழைத்தார்’ என்று எழுதினால் முடிந்தது.

ஒரு நாள் கண்ணாடி வரைவுச் சோதனை. பலகையில் ஒரு நட்சத்திரம். கையை மறைத்து ஒரு தட்டி. எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வர வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு நேர்மாறாகக் கை போக வேண்டும் என்பதால், மூளைக்கும் விரலுக்கும் சண்டை வந்துவிடும். சோதனை நடத்திய மாணவி ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நின்றாள். உட்கார்ந்திருந்த தோழி ஒரு முனையிலேயே சிக்கிக்கொண்டு முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தாள். “இவளுக்குப் பொறுமையே கிடையாது மேம், வீட்டிலயும் இப்படித்தானாம்” என்று நின்றவள் தீர்ப்புச் சொன்னாள். “சரி, இப்ப நீ உட்கார்” என்றேன். முதல் முனையிலேயே அவள் பென்சிலும் நின்றுவிட்டது. பல்லைக் கடித்தாள், நெற்றி வேர்த்தது, கடைசியில் பென்சிலைக் கீழே போட்டாள். அன்று அவள் தன் நோட்டில் எழுதியதை நான் மறக்கவில்லை: ‘தோழிக்குப் பொறுமை இல்லை என்று நினைத்தேன். எனக்கும் அதே இடத்தில்தான் கோபம் வந்தது. கோபம் அந்த முனையில் இருக்கிறது.’ அந்தக் கடைசி வரியைப் பல பாடப்புத்தகங்கள் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்ல முயல்கின்றன.

ஒருவர் செய்ததற்கு அவருடைய குணத்தைக் காரணமாக்குவதா, அவர் நின்ற இடத்தைக் காரணமாக்குவதா? சமூக உளவியல் தாளில் இதை விரிவாகப் படிப்பீர்கள். அப்போது ஜோன் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அவர் சிகாகோவிலும் மைசூரிலும் ஆட்களைப் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லச் சொல்லி, ‘ஏன் அப்படிச் செய்தார்?’ என்று கேட்டார். ஒரு சம்பவம்: வக்கீல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது டயர் வெடிக்கிறது. பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடி. வக்கீல் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் பிழைக்கவில்லை. அமெரிக்கர்கள் ‘பொறுப்பில்லாதவர், தன் தொழிலே பெரிதென்று இருப்பவர்’ என்ற பக்கம் சாய்ந்தார்கள். இங்கே இருப்பவர்கள், ‘கட்சிக்காரர் காத்திருப்பார், போகத்தானே வேண்டும், அடி இவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்காது, பதறிப்போயிருப்பார்’ என்ற பக்கம் சாய்ந்தார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் பாதை பிரிந்தது. ஆக, மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது என்பதையே ஊர் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, நாம்தான் நிலைமையைப் புரிந்துகொள்பவர்கள்’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளை ஃபெயில் ஆனால் கேள்வித்தாள் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஃபெயில் ஆனால் படிக்கவில்லை. நம் ஆட்களுக்குச் சூழ்நிலை, மற்றவர்களுக்குக் குணம் என்று கணக்கை மாற்றிப்போடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. வாத்தியார்கள் இதில் முன்வரிசை. ‘திமிர்’, ‘சோம்பல்’, ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ – ஸ்டாஃப் ரூமில் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் இந்த மூன்று சொற்களில் ஒரு வகுப்பையே அளந்துவிடுவோம். நானும் அளந்திருக்கிறேன்.

என் பெரிய சறுக்கலைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் பதினோரு பேர் லேபில் கூடி, படித்த கதையைப் பற்றியும் பார்த்த படத்தைப் பற்றியும் பேசுவார்கள். நான் ஏற்பாடு செய்ததல்ல, தானாக முளைத்தது. ‘இவ்வளவு நல்ல விஷயம் பதினோரு பேரோடு நிற்கலாமா?’ என்று எனக்கு ஆசை. வந்து பேசினால் இன்டர்னலில் ஐந்து மார்க் என்றேன். அடுத்த வாரம் லேபில் நாற்காலி போதவில்லை. வருகைப் பதிவு வேறு வைத்தேன். அடுத்த செமஸ்டரில் விதி மாறி, அந்த ஐந்து மார்க்கை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். பழைய பதினோரு பேரில் இருவர் மட்டுமே. வராத ஒருவனைக் கேட்டேன். “மார்க் இல்லையே மேம்” என்றான், குற்ற உணர்வே இல்லாமல். ஒரு வருஷத்துக்கு முன்பு மார்க் என்ற பேச்சே இல்லாமல் வந்தவன் அவன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வை நான் அதற்கு முன்பே பத்துத் தடவை வகுப்பில் பாடமாக நடத்தியிருந்தேன். ஸ்டான்போர்டின் மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிடம், ‘வரைந்தால் பொன் நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய பரிசுச் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்கென்று வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். அதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய கையாலேயே நான் ஐந்து மார்க்கை அறிவித்தேன். படித்தது தேர்வுத்தாளுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் இப்படித்தான்.

ஊக்கம் என்ற பாடத்தில் உங்களை முதலில் வரவேற்பது மாஸ்லோவின் பிரமிடு. அடியில் பசி, தாகம், மேலே பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னிறைவு. 1943-ல் வந்த அவருடைய கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. இந்த வரிசை மாறும் ஆட்களும் உண்டு என்று மாஸ்லோவே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தி பாடப்புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. படத்தை மனப்பாடம் செய்யும் முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். செமஸ்டர் ஃபீஸ் கட்டக் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு, ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, மதியம் ‘எனக்குப் பசிக்கலைடி’ என்று பானையை வழித்து உங்களுக்குப் போட்ட அம்மா அந்தப் பிரமிடின் எந்தப் படியில் நிற்கிறார்? பசி அடங்கவில்லை, ஆனால் மகள் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாஸ்லோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவை அவர் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் ஒத்துப் பாருங்கள் என்கிறேன்.

நம் பக்கத்தில் நடந்த ஒன்றையும் பார்ப்போம். டேவிட் மெக்லெலண்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர், ‘சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா?’ என்று 1960-களில் ஆந்திரத்துக் காகிநாடாவின் வியாபாரிகளிடம் சோதித்தார். அவர்களை ஹைதராபாத்துக்கு அழைத்து, பத்து நாள் போலப் பயிற்சி. ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வது, வளையம் எறியும் விளையாட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. மிக அருகில் நின்றால் சவால் இல்லை, மிகத் தள்ளி நின்றால் அதிர்ஷ்டத்தை நம்புவது. கஷ்டப்பட்டால் முடியும் என்ற தூரத்தில் நிற்கப் பழக்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் பிற்பாடு மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கினார்கள் என்று 1969-ல் வெளியான புத்தகம் சொல்கிறது.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு விஷயம் உண்டு. கடையில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. கல்லாப்பெட்டிச் சாவி அப்பாவிடமோ அண்ணனிடமோ இருந்தால், எவ்வளவு உந்துதல் ஊட்டினாலும் அது எங்கே போய் வேலை செய்யும்? ‘மோட்டிவேஷன் ஸ்பீச்’ என்ற பெயரில் மேடை மேடையாகக் கத்துபவர்களைக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். ‘உன்னால் முடியும்’ என்பது பாதி வாக்கியம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

‘கோட்பாடெல்லாம் வெள்ளைக்காரர்களுடையது’ என்ற சலிப்பும் உங்களுக்கு வரும். நியாயமான சலிப்புதான். 2010-ல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கணக்குக் காட்டினார்கள்: உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மேற்கத்திய நாட்டினர், உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கோ எட்டில் ஒன்றுதான். ஆனாலும் ஒரு கதை கேளுங்கள். 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஜமுனா பிரசாத் என்ற நம் நாட்டு ஆய்வாளர், நடுக்கத்தை உணர்ந்தும் சேதமடையாத பகுதிகளில் உலவிய வதந்திகளைச் சேகரித்தார். ‘புயல் வருகிறது, வெள்ளம் வருகிறது, கிரகணத்தன்று இதைவிடப் பெரிய கேடு காத்திருக்கிறது.’ தப்பிப் பிழைத்தவர்கள் நிம்மதியாக இருப்பதை விட்டுவிட்டு, தங்களைத் தாங்களே இன்னும் பயமுறுத்திக்கொள்வானேன்? லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். அவர் கண்ட விடை: பயம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, வெளியே அதற்குக் காரணம் காணோம், அந்த வதந்திகள் பயத்தைக் கிளப்ப வரவில்லை, இருக்கிற பயத்துக்கு நியாயம் சொல்ல வந்தன. வேறொரு சமயம் நிலச்சரிவால் நேரடியாக அடிபட்ட டார்ஜிலிங்கில் துர்கானந்த் சின்ஹா என்ற நம் நாட்டு ஆய்வாளர் சேகரித்த வதந்திகளில் இந்த வகை இல்லை. அங்கே பயத்துக்குக் காரணம் கண்முன்னே கிடந்ததே! 1957-ல் வந்த ஃபெஸ்டிங்கரின் அறிவு முரண்பாட்டுக் கோட்பாடு இந்த இடத்திலிருந்து கிளைத்தது. நீங்கள் ‘அமெரிக்கச் சரக்கு’ என்று ஒதுக்குவதன் வேர் பாட்னா பக்கத்துத் தெருப்பேச்சில் இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கு அருகே முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய் வாட்ஸ்அப்பில் பறந்ததை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அதை அதிகம் அனுப்பியது இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களா, காய்ந்த மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களா? மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும்போது இப்படியொரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு அடுத்த வதந்தி தயாராக இருக்கும்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதாதீர்கள். வர வேண்டிய விடை வராவிட்டால், வராததை எழுதுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 2015-ல் உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் கூடி, பேர்பெற்ற இதழ்களில் வந்த நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். நாற்பதுக்கும் குறைவானவையே முன்பு சொன்ன விடையைத் தந்தன. எல்லாம் மோசடி என்று பொருளில்லை. சின்னக் கூட்டத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவது, எதிர்பார்த்தது கிடைத்தால் அச்சேற்றுவது, கிடைக்காததை அலமாரியில் பூட்டுவது – இப்படியே சேர்ந்த கோளாறு. ஒழுங்காக வரும் ரீடிங்கை மட்டும் நோட்டில் ஏற்றும் உங்கள் பழக்கத்தின் பெரிய அண்ணன்தான் அது. தன் வீட்டுக் கோளாறைத் தானே கூட்டம் போட்டுச் சொன்ன துறை இது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

வெள்ளைக்காரர் கோட்பாடு என்று சலித்து எதிர்த்திசையில் ஓடினால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘தொல்காப்பியத்திலேயே எல்லாம் இருக்கிறது’ என்று செமினாரில் கைதட்டு வாங்குவது. மெய்ப்பாட்டியலைக் கட்டாயம் படியுங்கள். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் தருகிறார். அழுகை வந்தால் ‘இவன் அழுமூஞ்சி’ என்று விடாமல், அது இழப்பிலிருந்தா, இல்லாமையிலிருந்தா என்று கேட்கும் கண் அது. வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரம் வைத்தார். சபையில் முகம் படிப்பது வேறு, காதலில் முகம் படிப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கூர்ந்து பார்ப்பது ஒரு வேலை, பார்த்தது சரிதானா என்று சோதிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைக் கற்கத்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள்.

முடிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. நிலைமையைப் புரிந்துகொள்வது, செய்தவனை விட்டுவிடுவது ஆகாது. ஹாஸ்டலில் உங்களை ராகிங் செய்யும் சீனியரும் போன வருஷம் அதே வராந்தாவில் நின்று அழுதவனாக இருக்கலாம். அது அவன் செயலை விளக்கும், நியாயப்படுத்தாது. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-லிருந்தே சட்டம் இருக்கிறது. புகார் கொடுங்கள், பிறகு உட்கார்ந்து உளவியல் பேசலாம். இரண்டாவது, அப்நார்மல் சைக்காலஜி தாள் வந்ததும் ரூம்மேட்டுக்கு ஒரு நோயும் உங்களுக்கு இரண்டு நோயும் இருப்பதாகத் தோன்றும். எல்லா பேட்ச்சுக்கும் தோன்றும். யாருக்கும் பெயர் சூட்டாதீர்கள். இளங்கலைப் பட்டம் சிகிச்சை தரும் உரிமம் அல்ல. அதற்கு மேற்படிப்பும் பதிவும் வேண்டும். தோழி ஒருத்தி ‘வாழவே பிடிக்கலை’ என்றால், பாடத்தை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவளைத் தனியே விடாமல் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு அவளோடு சேர்ந்து அழையுங்கள்.

நான் ரெக்கார்டு நோட்டைப் போலவே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: நான் பார்த்தது, அவர் சொன்னது, நான் நினைத்தது. யார்மீதாவது கோபம் வந்தால் அதில் எழுதுவேன். முதல் கட்டத்தில் ஒரு வரி தேறுவதே கஷ்டமாக இருக்கும். நடுக்கட்டம் பெரும்பாலும் காலி, கேட்டால்தானே எழுத! மூன்றாவது மட்டும் பக்கம் நிரம்பி ஓரத்தில் வழியும். “மார்க் இல்லையே மேம்” என்றானே, அவனைப் பற்றி மூன்றாவது கட்டத்தில் அன்று நிறைய எழுதியிருந்தேன். நடுக்கட்டத்தை நிரப்பப் போய் அவனிடம் திரும்பக் கேட்டபோது சொன்னான்: “நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்த அன்னிக்கே அது கிளாஸ் ஆயிடுச்சு மேம்.” மூன்றாவது கட்டத்தில் அன்று எழுதியதை அடித்துவிட்டேன்.

ஆகவே, கல்யாணப் பந்தியில் பெரியப்பா கேட்டால் வெட்கப்பட வேண்டாம். “நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது பெரியப்பா. நீங்களே சொல்லுங்க, கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கேளுங்கள். பாயசம் வருவதற்குள் பெரியப்பா எவ்வளவோ சொல்லியிருப்பார்.

அன்புடன்,
உங்கள் மேம்களுக்கும் ஒரு காலத்தில் மேமாக இருந்தவள்